பூட்டை உடைக்காமல் பழுது காண்பது எப்படி?



நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரிலேக்களோடும் கேபிள்களோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் மென்பொருள் பழுதைப் பற்றி எழுத வந்ததற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே காரணம். நம்மவர் பிள்ளைகள் பலர் டெக்னோபார்க்கில் வேலை செய்கிறார்கள். பலர் அதற்காகப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் பேசுவது புரியாமல் விழிக்கும் பெற்றோருக்கும் இந்தப் பாடம் பயன்படும் என்று நம்புகிறேன்.

காலஞ்சென்ற என் மனைவி, திருநெல்வேலிப் பக்கத்துச் சமையல் முறைகளையும், தன் தாயார் சொல்லிய கைவைத்தியக் குறிப்புகளையும், குடும்பக் கதைகளையும் கணிப்பொறியில் தட்டச்சு செய்து சி.டி.யில் வைத்திருந்தாள். அது 2001-ஆம் ஆண்டு. அன்று தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற தரக் குறியீடுகள் வந்தன. அதே காலத்தில் உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி டிஸ்கி என்பதை உருவாக்கினார்கள். என் மனைவி பயன்படுத்திய எழுத்துருவோ இவை எதற்கும் கட்டுப்படாத தனிப்பிறவி. இன்று அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஒரு வரிகூடத் தமிழாகத் தெரியாது. புள்ளியும் கொம்புமாக ஏதோ ஐரோப்பிய எழுத்துகள் நிற்கும்.

அந்த எழுத்துருவோடு, அதை யூனிகோடாக மாற்றும் சிறு நிரல் ஒன்றும் சி.டி.யில் இருந்தது. பழைய லினக்ஸில் மட்டுமே ஓடும் நிரல் அது. இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் என் பேத்தி, "நான் ஓட்டிக் காட்டுறேன் தாத்தா" என்று உட்கார்ந்தாள். அவள் கேரளப் பள்ளியில் படித்தவள். 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்ற நிறுவனமாக மாறிய அரசுத் திட்டத்தின் வழியே, பள்ளிக் கணிப்பொறிகளிலேயே லினக்ஸ் பழகியவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆச்சி எழுதியதைப் படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைய உண்டு.

இரண்டு நாள் கழித்து முகம் வாடி வந்தாள். "ரூட்டா ஓட்டினா ஓடுது தாத்தா. என் பேர்ல ஓட்டினா அப்படியே நிக்குது. பிழைன்னும் சொல்ல மாட்டேங்குது, முடிஞ்சதுன்னும் சொல்ல மாட்டேங்குது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம், பேசாம ரூட்டாவே ஓட்டிட்டுப் போன்னு சொல்றாங்க."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ரூட் என்பவர் யார்?

லினக்ஸ் கணிப்பொறியில் பயனர்கள் இரு வகை. சாதாரணப் பயனர் தன் கோப்புகளை மட்டும் கையாளலாம். 'ரூட்' என்ற முதன்மைப் பயனர் எதையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அனுமதி இல்லை என்ற சொல்லையே அவர் பெரும்பாலும் கேட்பதில்லை.

எங்கள் துறையில் இதற்கு நேரான ஒன்று உண்டு. ஸ்டேஷனில் சிக்னல்களையும் பாயிண்டுகளையும் ஆளும் ரிலே அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றொன்று சிக்னல் பிரிவினரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். திறந்த நேரம், காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏறவேண்டும். சிக்னல் பச்சைக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பது ஒரு வழி. உள்ளே புகுந்து ஒரு கம்பியைக் குறுக்கே போட்டுப் பச்சையை வரவழைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் வண்டி உடனே நகர்ந்துவிடும். ஆபத்து பிறகு வரும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பகனகா பஜாரில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்தை விசாரித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், சிக்னல் மின்சுற்றில் செய்த மாற்றங்களில் நேர்ந்த குறைகளையே காரணமாகக் கண்டார். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் உறங்கவில்லை.

கணிப்பொறியில் உயிர்ச்சேதம் இல்லையே என்று கேட்கலாம். ஆனால் மருத்துவமனையும் வங்கியும் ரயில் முன்பதிவும் இன்று கணிப்பொறியில்தான் நடக்கின்றன. அங்கே வேலைக்குப் போகப் போகும் பிள்ளைகள், 'ஓடவில்லையா, ரூட்டாக ஓட்டு' என்ற பழக்கத்தோடு போகக் கூடாது.

தனி அறை எதற்கு?

பழைய நிரலுக்குப் பழைய நூலகக் கோப்புகள் வேண்டும். அவற்றைப் புதிய லினக்ஸோடு கலந்தால் இரண்டும் கெடும். ஆகவே என் பேத்தி, பழைய லினக்ஸின் கோப்புகளை ஒரே அடைவில் வைத்து, அந்த அடைவையே முழு உலகம் என்று நிரலை நம்பவைத்தாள். இதற்கு 'சிஎச்ரூட்' என்று பெயர். 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் காலத்திலேயே இந்த வசதி வந்துவிட்டது. இதன் வழி வந்தவைதான் 2000-இல் ஃப்ரீ-பி.எஸ்.டி. கொண்டுவந்த 'ஜெயில்', 2013-இல் வந்த 'டாக்கர்' ஆகியவை. டெக்னோபார்க் பிள்ளைகள் கன்டெய்னர் என்று பேசிக்கொள்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிஎச்ரூட், கோப்புகளின் பார்வையைத்தான் சுருக்குகிறது. உள்ளே இருப்பவர் ரூட் ஆனால், அறையை விட்டு வெளியேறும் வழிகள் அவருக்கு உண்டு. ஆகவே தனி அறை கட்டி, அதற்குள் ரூட் அதிகாரத்தோடு நிரலை ஓட்டுவது, மதில் கட்டிவிட்டு வாசல் சாவியைத் திருடனிடம் கொடுப்பதற்குச் சமம்.

பழுது காணும் படிகள்

நானும் பேத்தியும் உட்கார்ந்து செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். லினக்ஸ் கட்டளைகள் அவளுடையவை. வரிசைமுறை எங்கள் சிக்னல் பிரிவினுடையது.

முதல் படி: எதையும் தொடாதே, எழுது. எப்போது ஓடியது, யார் பெயரில் ஓடியது, எந்த இடத்தில் நிற்கிறது, கடைசியாக என்ன மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எழுதும்போதே அவளுக்கு ஒன்று நினைவு வந்தது: அறையைக் கட்டும்போது எல்லா அடைவுகளையும் ரூட்டாக இருந்து உருவாக்கியிருந்தாள்.

இரண்டாம் படி: நிற்கிறதா, சுற்றுகிறதா என்று பார். திரை அசையாமல் இருந்தால் எல்லாம் 'ஹேங்' என்கிறோம். வண்டி சிக்னலில் நிற்பதும், சக்கரம் வழுக்கிச் சுழன்றபடி நகராமல் இருப்பதும் ஒன்றா? 'பி.எஸ்.' என்ற கட்டளை ஒவ்வொரு நிரலின் நிலையையும் ஓர் எழுத்தால் காட்டும். 'எஸ்' என்றால் எதற்கோ காத்துத் தூங்குகிறது. 'ஆர்' என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது. 'டி' என்றால் பெரும்பாலும் வன்தட்டு, அல்லது வலையமைப்பில் உள்ள தட்டு பதில் தராமல் மாட்டிக்கொண்டது; அதைக் கொல்லவும் முடியாது.

'ஆர்' நிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு. சில பழைய நிரல்கள் தொடங்கும்போது, திறந்திருக்கக்கூடிய கோப்பு எண்களை எல்லாம் ஒன்றுவிடாமல் மூடிப் பார்க்கும். உச்ச வரம்பு 1,024 என்று இருந்த காலத்தில் அது கண்ணிமைக்கும் நேர வேலை. பிற்காலத்தில் சில கன்டெய்னர்களில் அந்த வரம்பு 107 கோடிக்கும் மேலே போயிற்று. நிரல் பாவம், ஒன்றிலிருந்து 107 கோடி வரை மூடிக்கொண்டே இருந்தது. பார்ப்பவர் ஹேங் என்றார். அறைக்குள் வரம்பைக் குறைத்ததும் சரியாயிற்று. அங்கேயும் ரூட் அதிகாரம் மருந்தன்று.

எங்கள் நிரல் 'எஸ்' காட்டியது. அதாவது எதற்கோ காத்திருக்கிறது.

மூன்றாம் படி: கடிகாரத்தைப் பார். ஐந்து, பத்து வினாடி என்று அளந்தாற்போல் நின்று பிறகு நகர்ந்தால், பெயர் தேடும் சேவையகம் பதில் சொல்லவில்லையோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். லினக்ஸ் ஒரு முறை கேட்டுவிட்டு வழக்கமாக 5 வினாடி காத்திருக்கும். பிறகு மீண்டும் கேட்கும். தனி அறைக்குள் அந்தச் சேவையகத்தின் முகவரி பழையதாக இருந்தாலோ, வலையமைப்பு துண்டிக்கப்பட்டிருந்தாலோ இப்படி ஆகும். எங்கள் நிரலோ அரை மணி நேரமாகியும் நகரவில்லை.

நான்காம் படி: வெளியே நின்று உள்ளே பார். 'எஸ்ட்ரேஸ்' என்றொரு கருவி இருக்கிறது. ஒரு நிரல் லினக்ஸின் கருவிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், அது சொல்லும் ஒவ்வொரு பதிலையும் வரிவரியாக எழுதிக் காட்டும். எங்கள் மல்டிமீட்டர் போன்றது. சிஎச்ரூட் ஓடும் நிரல்களை மறைப்பதில்லை ஆகையால், அறைக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். சோதிக்கும் கருவியை ரூட்டாக ஓட்டுவதில் தவறில்லை. சோதிக்கப்படும் நிரல்தான் சாதாரணப் பயனராகவே இருக்க வேண்டும்.

பார்த்தோம். மூன்றே வரிகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்க முயற்சி; அனுமதி மறுக்கப்பட்டது; ஒரு வினாடி தூக்கம். மீண்டும் முயற்சி, மறுப்பு, தூக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைப் பாதையில் வண்டி போக டோக்கன் வேண்டும் என்பது பழைய முறை. டோக்கன் இன்னொரு வண்டியிடம் இருந்தால், அது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பூட்டுக் கோப்பு என்பது நிரலின் டோக்கன். ஒரே நேரத்தில் இருவர் ஒரே கோப்பை எழுதிக் கெடுக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு. நம் நிரலை எழுதியவர் ஒரு சிறு தவறு செய்திருந்தார். 'டோக்கன் வேறொருவரிடம் இருக்கிறது' என்ற பதிலுக்கும், 'டோக்கன் பெட்டியைத் தொடவே உனக்கு அனுமதி இல்லை' என்ற பதிலுக்கும் அவர் வேறுபாடு பார்க்கவில்லை. இரண்டுக்கும் 'ஒரு வினாடி பொறு' என்றே எழுதிவிட்டார். ஆகவே நிரல் வராத வண்டிக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. ரூட்டுக்கு எந்தப் பெட்டியும் திறக்கும். அதனால் அங்கே ஓடியது.

ஐந்தாம் படி: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ரூட்டாக ஓடியபோது எடுத்த பதிவையும், சாதாரணப் பயனரின் பதிவையும் ஒப்பிட்டு, இரண்டும் முதன்முதலில் பிரியும் வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் வேறுபாடுகள் பெரும்பாலும் விளைவுகளே. எங்களுக்கு அந்த வரி, தற்காலிகக் கோப்புகள் வைக்கும் 'டெம்ப்' அடைவைக் காட்டியது.

அனுமதி எண்கள்

இந்த இடத்தில் சிறிது கணக்கு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. உரிமையாளர், அவர் குழு, மற்றவர் என்ற வரிசையில் மூன்று இலக்கங்கள். என் பேத்தி ரூட்டாக இருந்து உருவாக்கியதால், டெம்ப் அடைவு 755 என்று அமைந்திருந்தது. அதாவது ரூட் மட்டுமே எழுதலாம். மற்றவர் பார்க்கலாம், நுழையலாம், அவ்வளவே. அது இருக்க வேண்டியது 1777. எல்லோரும் எழுதலாம், ஆனால் முன்னால் நிற்கும் அந்த 1, அடுத்தவர் கோப்பை அழிக்கவிடாது. சத்திரத்துத் திண்ணையில் யார் வேண்டுமானாலும் மூட்டையை வைக்கலாம், பிறர் மூட்டையைத் தூக்கக் கூடாது என்பது போல.

ஆறாம் படி: கண்டதை மட்டும் திருத்து, ஒன்றை மட்டும் திருத்து, உடனே சோதி. அடைவை 1777 ஆக்கினாள். நிரல் நகர்ந்தது, உடனே 'அனுமதி இல்லை' என்று சொல்லி நின்றது. அவள் சோர்ந்துவிட்டாள். நான் மகிழ்ந்தேன். வாய் திறந்து சொல்லும் பழுது பாதி தீர்ந்த பழுது. ஒரு பழுதுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பது எங்கள் துறையில் அன்றாடம்.

இம்முறை குற்றவாளி 'நல்' என்ற சாதனக் கோப்பு. வேண்டாத வெளியீட்டைக் கொட்டும் அடியில்லாக் குப்பைத் தொட்டி அது. தனி அறைக்குள் அதை யாரும் முறையாக உருவாக்கவில்லை. ரூட்டாக ஓட்டிய ஒரு கட்டளை அதில் குப்பையைக் கொட்டப் போக, அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்று தானாக முளைத்துவிட்டது. உரிமையாளர் ரூட், அனுமதி 644. ரூட் அதில் எழுதலாம், மற்றவர் எழுத முடியாது. அதை நீக்கிவிட்டு, உண்மையான சாதனக் கோப்பாக 666 அனுமதியோடு உருவாக்கியதும் நிரல் தடையின்றி ஓடி முடிந்தது. என் பேத்தியின் பெயரிலேயே ஓடியது.

அறை கட்டுவோர் நினைவில் வைக்க

இத்தகைய தனி அறைகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் குறைகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. டெம்ப் அடைவின் அனுமதி 1777 ஆக இருக்கிறதா? நிரல்கள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் 'எஸ்.எச்.எம்.' அடைவுக்கும் அதே எண்தான்.

2. நல், ஜீரோ, ரேண்டம், யூரேண்டம் ஆகிய சாதனக் கோப்புகள் உண்மையான சாதனங்களாக, 666 அனுமதியோடு இருக்கின்றனவா? அனுமதியைச் சொல்லாமல் உருவாக்கினால் வழக்கமாக 644 ஆகிவிடும். அந்த அறை இருக்கும் வட்டுப்பகுதி, சாதனக் கோப்புகளுக்கு இடம் தராத முறையில் இணைக்கப்பட்டிருந்தாலும் அவை வேலை செய்யா.

3. ஓடும் நிரல்களின் விவரம் தரும் 'ப்ராக்', முனையங்களைத் தரும் 'பி.டி.எஸ்.' ஆகியவை அறைக்குள் இணைக்கப்பட்டுள்ளனவா?

4. பயனரின் பெயரும் எண்ணும் அறைக்குள் இருக்கும் பயனர் பட்டியலில் உள்ளனவா? அவருடைய இல்ல அடைவு அவருக்கே உரியதாக இருக்கிறதா?

5. ரூட்டாக ஓட்டிப் பார்த்தபோது உருவான கோப்புகள் பயனரின் அடைவில் கிடக்கின்றனவா? இது மிக முக்கியம். 'ஒரே ஒரு முறை ரூட்டாகப் பார்ப்போம்' என்று ஓட்டியதால் உருவான அமைப்புக் கோப்பு, மறுநாள் சாதாரணப் பயனருக்குப் புதிய தடையாக நிற்கும். சோதனையே பழுதை உண்டாக்கும் இடம் இது.

கடைசியாக, என்ன திருத்தினோம் என்பதைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். என் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாள். முதல் பக்கத்தில் இரண்டே பதிவுகள்: டெம்ப், நல். இந்த இரண்டு வரிகளுக்காக இரண்டு மாலைப் பொழுதுகள் செலவாயின. ரூட்டாக ஓட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும் என்று அவள் தோழி சொன்னாளாம். அதற்கு இவள், "முடிஞ்சிருக்கும், ஆனா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றாளாம். இதற்குமேல் நான் என்ன பாடம் நடத்துவது?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் பழைய சி.டி.க்களும், பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்களும் கட்டுரைகளும் கிடக்கலாம். சி.டி.க்கு ஆயுள் குறைவு. அதைப் படிக்கும் கருவியே இன்றைய கணிப்பொறிகள் பலவற்றில் இல்லை. முதல் வேலையாக அவற்றை வேறு வட்டுக்கு நகல் எடுத்து வையுங்கள். எழுத்துருக் கோப்பும் மாற்றும் நிரலும் கிடைத்தால் அவற்றையும் சேர்த்து எடுங்கள். யூனிகோடாக மாற்றுவதைப் பிறகு பொறுமையாகச் செய்துகொள்ளலாம்.

மொத்தம் 64 கோப்புகள் மாறி வந்தன. முதலில் திறந்தது சொதிக் குழம்பு. பேத்தி திரையைப் பார்த்து, "தே... தேங்காய்ப் பால், மூன்று தடவை பிழிந்து, தனித்தனியாக" என்று எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். அடைப்புக்குறிக்குள் என் மனைவி ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: அவருக்கு இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதி இறங்காது. 'அவர்' யார் என்று பேத்தி கேட்டாள். நான் என்றேன்.

வரும் ஞாயிறு வீட்டில் சொதி.